மேலூரில் திருப்பி மாட்டிய ஃப்ளெக்ஸ்

நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாவைப் பற்றி யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. குவாரி மசோதா ஒன்று நாடாளுமன்றக் குழுவிடம் போனபோது, மேலூர் விவசாயிகளின் கருத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப உதவினேன்.

மறுவாரம் மேலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அதைப் பார்த்தேன். அனுப்பிய கருத்து முழுவதும் தமிழில், விவசாயிகள் சங்கத் தலைவர் முத்தையா கும்பிடும் படத்தோடு, பஸ் ஸ்டாண்டு எதிரே ஃப்ளெக்ஸாக நின்றது. காதுகுத்துக்கே ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊர், டெல்லியிடம் பேசியதற்கு வைக்காமல் இருக்குமா? ஆனால் குழு அறிக்கை தரும்வரை அதை வெளியிடக் கூடாது. அந்த விதியைச் சொல்லித்தான் இருந்தேன். அது அதிகாரிகளுக்கு என்று நினைத்துவிட்டார்கள்.

“அண்ணே, இதை இறக்கணும். நாடாளுமன்ற உரிமையை மீறிட்டீங்கன்னு உங்களையே கேப்பாக.”

“நாம சொன்னத நாமளே சொல்லக் கூடாதா சார்?” என்றார் முத்தையா. “குவாரி வெடியில எங்க வீட்டுச் சுவரு விரிசல் விட்டது ஊருக்கே தெரியும். அதுல என்ன ரகசியம்?”

இறக்கவைத்தால் அவர்கள் வாயை நானே பொத்துகிறேன். விட்டுவிட்டால் அனுப்பியதே வீணாகலாம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஏணி கொண்டுவரச் சொன்னார். இறக்கவில்லை, திருப்பி மாட்டினார்கள். வெள்ளைப் பக்கம் சாலையைப் பார்த்தது.

டீக்கடையிலிருந்து ஒருவர், “என்னண்ணே, இம்புட்டுப் பெருசா வச்சு ஒண்ணும் எழுதலையா?” என்றார்.

“எழுதியிருக்கு. படிக்கத்தான் கூடாதாம்” என்றார் முத்தையா.

இப்போதெல்லாம் கூட்டங்களில் அந்த விதியைத்தான் முதலில் சொல்கிறேன். ‘நீங்கள் பேசலாம்’ என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.