பச்சை வராத கண்

என் ஓரகத்திக்கு ஒரு தங்கை. முறைக்கு எனக்கும் தங்கைதான். கண் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிற வேலை அவளுக்கு. இருட்டு அறை. முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, "இமைக்காதீங்க" என்பாள். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். கண்ணுக்குள் ஓடுகிற ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மெஷின் நிறம் பூசிக் காட்டும். உள்ளே போகிற ரத்தம் சிவப்பு, திரும்புகிறது பச்சை.

பச்சையைப் பார்த்தால் எல்லோரும் பயந்துவிடுவார்கள். "ஐயோ, என் ரத்தம் பாசி பிடிச்சிருச்சா?" என்று ஒரு பெரியவர் அழுதேவிட்டாராம்.

அவள் புருஷன் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாகக் கதவு நிலையில் இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வைத்த தண்ணீரைத் தட்டிவிடுவதுமாக இருந்தார். கேட்டால், "வீடு சின்னதா இருந்தா நான் என்ன பண்ண?" என்று சிரிப்பார். பஸ் நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகிறவர் ஆயிற்றே! இவளுக்குப் பகீரென்றது. அக்காவையும் துணைக்கு வைத்துக்கொண்டு அவரைத் தன் ஆஸ்பத்திரிக்கே இழுத்துப் போனாள்.

படம் வந்தது. போனதும் சிவப்பு, திரும்பினதும் சிவப்பு.

"பார்த்தியா, ராஜா ரத்தம்டி! எங்க உன் பச்சை?" என்றார் அவர்.

"வயித்துல பாலை வார்த்தீங்க மாப்ளை" என்றாள் என் ஓரகத்தி.

இவள் மறுபடி எடுத்தாள். அதே சிவப்பு.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார்.

"பச்சை வரணுங்க. கண்ணு ஆக்சிஜனை எடுத்துக்கிட்டாத்தான் அந்த நிறம். உங்களுக்கு வெச்ச சோறு அப்படியே திரும்பி வருது."

"பசிக்கலையோ என்னவோ" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரும் அதையேதான் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறதாம். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. தெரிகிற வட்டமும் வரவரச் சுருங்கும். பஸ் ஓட்டுவதை அன்றோடு விட்டார்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தார். இவள் பூனை மாதிரி வந்து அவருக்குப் பக்கவாட்டில் நின்றாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். ஒரு அடி முன்னால் நகர்ந்தாள். எந்த இடத்தில் தன்னைக் கண்டுகொள்கிறார் என்று தினமும் இப்படித்தான் பார்க்கிறாளாம்.

"அக்கா, அவ எங்க போய்த் தொலைஞ்சா? கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார் என்னிடம். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் நிற்கிறாள்.

அவள் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தாள்.