கண்ணால் கண்ட சொற்கள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு நானும் என் அறை நண்பனும் பட்டப்படிப்பு நுழைவுப் பரீட்சைக்கு விண்ணப்பித்தோம். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே அறையில் இருந்தவர்கள். துறைமுகத்தில் ஒரே கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்கர்மார். அவனுக்கு இன்னும் இரண்டு தடவை எழுத வயது இருந்தது. எனக்கு இதுவே கடைசி. தவறினால் ஆயுள் முழுக்கக் கப்பல் சரக்குப் பட்டியல்தான்.

எங்களை வெருட்டியது இங்கிலீஷ் பாடம். கந்தோரில் பழகிய இங்கிலீஷ் மூட்டை, பீப்பா, எடை என்பதோடு நின்றுவிடும். அவன் அகராதியை எடுத்து நாளுக்கு இருபது சொல் என்று உருப்போட்டான். எனக்கு அது ஒட்டவில்லை. அன்வில் என்றால் கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற பட்டடை என்று தெரிந்தால் போதுமா? அது எவ்வளவு பாரம், தொட்டால் சுடுமா? கொட்டாஞ்சேனையில் ஒரு பட்டறைக்குப் போய்த் தொட்டுப் பார்த்த பிறகுதான் கொப்பியில் அந்தச் சொல்லுக்குச் சரி போட்டேன். பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. காணாத சொல்லுக்குச் சரி கிடையாது.

சனி பின்னேரங்களில் அவனையும் இழுத்துக்கொண்டு சொல் பார்க்கப் போவேன். லூம் என்கிற தறி எப்படியிருக்கும் என்று வெள்ளவத்தை நெசவாலை வாசலில் எட்டி எட்டிப் பார்த்தபோது, காவலாளி சிங்களத்தில் "மொனவத மல்லி பலன்னே?" என்றான். என்ன பார்க்கிறாய் தம்பி என்று கேட்கிறவனிடம், ஒரு சொல்லைப் பார்க்க வந்தேன் என்று எந்தப் பாஷையில் சொல்வது?

"உனக்கென்ன விசரா மச்சான்?" என்றான் நண்பன்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதடா."

"சோதினையில கறியோ கேக்கிறாங்கள்?"

அவன் அகராதியில் பாதியைத் தாண்டியபோது நான் எழுபது சொல்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை கால் தானாக வெளிக்கிட்டுவிடும்.

பரீட்சையில் வந்த வாசிப்புப் பகுதி ஒரு தீவைப் பற்றியது. பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். வைத்தியரைக் கூட்டிவரத் தாய் மூடுபனியில் தனியாகப் படகு வலிக்கிறாள். பாதி வழியில் ஒரு துடுப்பு கைநழுவிப் போகிறது. அதோடு பகுதி முடிந்துவிட்டது. கீழே, மூன்றிலொரு பங்காகச் சுருக்கி எழுதுக என்று கேள்வி. சுருக்கத்தான் தொடங்கினேன். ஆனால் ஒற்றைத் துடுப்போடு அவள் என்ன செய்வாள்? கரை எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? எழுதி எழுதி அவளைக் கரையேற்றி, வைத்தியர் வீட்டுக் கதவையும் தட்ட வைத்துவிட்டேன். மணி அடித்தபோதுதான் மற்றக் கேள்விகள் எல்லாம் தொடாமலே கிடப்பதைக் கண்டேன்.

வெளியே வந்ததும் நண்பனைப் பிடித்து, "அவள் போய்ச் சேர்ந்திருப்பாளோ?" என்று கேட்டேன்.

"ஆர்?"

"படகில போனவள்."

"ஓ, அந்தக் கேள்வியோ. நூற்றிருபது சொல்லில முடிச்சிட்டன்."

முடிவு வந்தபோது பட்டியலில் அவன் இருந்தான், நான் இல்லை. பொறாமையில் இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என் கட்டில் ஓரத்தில் வந்து இருந்தான்.

"வாசிக்கத் தெரிஞ்சவன் நீதான் மச்சான்" என்றான்.

ஆறுதலுக்குச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் உண்மையாகவே சொன்னான்.