ஜிஞ்சர் பியரும் என் மூக்கும்

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு ஜிஞ்சர் பியர் போத்தலை வாங்கி மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் இரண்டடி பின்னால் பாய்ந்து குடையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நானா சிரித்துவிட்டார். போத்தலுக்கா இப்படிப் பயப்படுகிறீர்கள் தம்பி என்று கேட்டார். ஆமாம் நானா என்று சொல்லிவிட்டு, மழை விடாததைக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டினேன். கூச்சமாகத்தான் இருந்தது. உங்களிடம் சொல்வதில் என்ன கூச்சம், சொல்கிறேன்.

அந்த நாட்களில் நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நான் உதவி டீமேக்கர். டீமேக்கர் என்றால் ஹோட்டலில் தேத்தண்ணி ஆற்றுகிறவரா என்று கொழும்பு பஸ்ஸில் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா, தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்தைத் தேயிலையாக்குகிற ஆள். வாட்டி, உருளையில் அரைத்த கொழுந்தை ஈரமான குளிர் அறையில் பரப்பி வைப்போம். பச்சை நிறம் போய்ச் செம்பு நிறம் வரும். பச்சிலை வாடை அடங்கி, கனிந்த பழத்தைப் போல ஒரு வாசம் எழும்பும். அந்த நேரம் பார்த்து உலர்த்தும் அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. எங்கள் தொழிற்சாலையில் அதைச் சொல்ல மெஷின் எதுவும் கிடையாது. ஒரு கைப்பிடி அள்ளி, லேசாகக் கசக்கி, மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. டீமேக்கர் ஐயா ஓய்வு பெறப் போகிறார், அந்த இடம் எனக்குத்தான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு இருந்தது. அந்த மூக்குத்தான் என் சோறு.

அந்த மூக்குப் போய்விட்டது. ஊரெல்லாம் முகக்கவசத்தோடு திரிந்த காலம் ஞாபகம் இருக்கிறதல்லவா, அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. பத்து நாளில் எழும்பிவிட்டேன். ஆனால் வாசம் என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை. சவர்க்காரத்தை மோந்தேன், மண்ணெண்ணெயை மோந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் சப்பாத்தையும் மோந்தேன். ஒன்றுமில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தும் கொழுந்தின் நிறத்தைப் பார்த்தும் குருட்டாம்போக்கில் வேலையை ஓட்டினேன். ஆள் பார்க்கும்போது மட்டும் கைப்பிடி அள்ளி மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த நடிப்பை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இந்தக் கூத்துக்கு நடுவில் கல்யாணம். கோயிலில் இருபது பேர், எல்லாருக்கும் முகக்கவசம். மூக்கு இருக்கிறவன் யார் இல்லாதவன் யார் என்று கண்டுபிடிக்க முடியாத கல்யாணம். சாம்பிராணிப் புகைக்கு எல்லாரும் இருமினார்கள், நானும் பார்த்து இருமினேன்.

என் மனைவி கலா கொத்மலைப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை செய்தாள். விவசாயிகள் கொண்டுவரும் பாலைச் சோதித்து, இது நல்லது, இது திரும்பப் போகட்டும் என்று சொல்கிற வேலை. ஒரு கேனில் கிருமி இருந்தால் எல்லாப் பாலும் சேரும் தாங்கி முழுக்கக் கெட்டுப் போய்விடும் என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதனால் சுத்தம் என்றால் அவளுக்குச் சாமி கும்பிடுவதற்கு மேல். எங்கள் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கிய முதல் நாளே குடத்தை வெளியே தூக்கி வைத்து, வெந்நீர் போட்டுவிட்டாள். கண்ணுக்குச் சுத்தமாக இருப்பது வேறு, கிருமிக்குச் சுத்தமாக இருப்பது வேறு என்பது அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

வேலையை விட்டு வந்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வருஷக் கடைசியில் தோட்டத்து உத்தியோகத்தர்கள் குடும்பத்தோடு கூடிச் சாப்பிடுகிற விருந்து ஒன்று உண்டு. அதற்கு முப்பது போத்தல் ஜிஞ்சர் பியர் நானே போட்டுத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டாள். புது இடத்தில் நல்ல பேர் எடுக்க வேண்டும் என்ற ஆசை. கொத்மலையில் அவள் அம்மாவுக்குப் போனில் சொன்னபோது, பியர் என்ற சொல்லைக் கேட்டதும் மாப்பிள்ளை குடிகாரரா என்று அம்மா பதறிவிட்டார். அது இஞ்சித் தண்ணி அம்மா, சும்மா கேஸ் ஏறும், அவ்வளவுதான் என்று இவள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

சாமான்களை நான்தான் சேர்த்தேன். பேக்கரியில் இருந்து மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி. ஹார்ட்வெயார் கடையில் இரண்டு முழம் கண்ணாடிக் குழாய், கண்ணாடி என்றால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். மூடியில் ஓட்டை போட்டுக் குழாயைச் சொருகி, மெழுகு வைத்து அடைத்து, மறுநுனியைத் தண்ணீர் நிரம்பிய ஜாம் போத்தலுக்குள் விட்டாள். உள்ளே உண்டாகிற காற்று களக் களக் என்று வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. இஞ்சியை இடித்து, சீனி, கராம்பு, உலர்ந்த திராட்சை எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு எலுமிச்சம்பழச் சாறும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும். எங்கள் குளிருக்கு ஈஸ்ட் எழும்பாது என்று வாளிக்குப் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்தி அடுப்படியில் வைத்தோம். போத்தல்களை இருபது நிமிடம் கொதிக்க வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். துடைக்கக்கூடாது, துணியில் கிருமி இருக்கும். கரண்டி விடக்கூடாது, நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது, எச்சில் படும்.

பிறகு எப்படித்தான் பதம் பார்ப்பது என்று கேட்டேன். அவள் தயங்காமல் என்னைக் கைகாட்டினாள்.

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க. மோந்து பாத்துச் சொல்லுங்க. இந்த வீட்லயே ஒரு டீமேக்கர் மூக்கு இருக்கு, எனக்கு என்ன கவல."

ஐந்தாம் நாள் மூடியைத் திறந்து குனிந்தேன். சுரீரென்று மூக்கில் ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூக்குத் திரும்பிவிட்டதா? வெளியே ஓடிப்போய்த் துளசியைக் கசக்கி மோந்தேன், ஒன்றுமில்லை. திரும்ப வந்து குனிந்தேன், சுரீர். அது வாசம் இல்லை, இஞ்சிக் காரமும் உள்ளே அடைந்த காற்றும் குத்துகிற குத்து என்று இப்போது தெரியும். அப்போது தெரியவில்லை. நன்றாக வந்திருக்கிறது கலா, போத்தலில் ஊற்று என்றேன். பிறகு ஒன்றைத் திறந்து குடித்தால் வினாகிரிப் புளிப்பு. அவள் துப்பினாள். நான் புளிப்பு எலுமிச்சம்பழத்தினால் என்று நினைத்து ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்துவிட்டு, பரவாயில்லையே என்றேன்.

இரண்டாம் தரம் வடிகட்டுகிற துணியைக் குற்றம் சொன்னாள், புதுத் துணி வாங்கினாள். அதுவும் கெட்டது. பீலித் தண்ணீரில்தான் கோளாறு, காட்டிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர்தானே என்று இரண்டு மடங்கு நேரம் கொதிக்க வைத்தாள். வாளியை வெயிலில் பிடித்து உள்ளே கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டாள். நகத்தை ஒட்ட வெட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்ததில் விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. ஆயிரம் லீட்டர் பாலைக் கெடாமல் அனுப்பியவளுக்கு ஒரு வாளி இஞ்சித் தண்ணி வசப்படவில்லை. எங்கே தப்பு, எங்கே தப்பு என்று தனக்குள் பேசிக்கொண்டே நடப்பாள்.

தப்பு தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் பீலிக்குப் போகிற நேரம் பார்த்து நான் வாளியைத் திறப்பேன். மூக்கு வந்துவிட்டதா என்று பார்க்க எனக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை, அது ஒன்றுதானே குத்துகிறது. வெறுமனே குனிந்து மோந்தால் போதுமா? பழக்கதோஷம். கையை முழங்கை வரை விட்டு அடியில் கிடக்கிற இஞ்சிச் சக்கையையும் திராட்சையையும் ஒரு கைப்பிடி அள்ளி, லேசாகக் கசக்கி, மூக்கில் வைத்துக் கண்ணை மூடுவேன். பிறகு அதை அப்படியே உள்ளே போட்டுவிடுவேன். முதல் வாளியைப் பதம் பார்த்தபோதும் அதையேதான் செய்திருந்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்த கை, நகத்திலெல்லாம் தேயிலைச் சாயம். அந்தக் கைதான் காரணம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. அதற்கு மேல் ஒரு நாள் அவளிடம், கொஞ்சம் சுத்தமாகச் செய்தால் சரியாக வரும் கலா என்று புத்தி வேறு சொல்லியிருக்கிறேன். அவள் இன்னொரு பானை வெந்நீர் வைத்தாள்.

மூன்றாவது வாளியைப் போத்தல்களில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தோம். குளிரில் கிடந்தது போதும், சூடு காட்டுவோம் என்று நான்தான் அடுப்படிக்கு மாற்றினேன். அன்று பின்னேரம் நான் தொழிற்சாலையில் இருக்கும்போது ஒன்று வெடித்திருக்கிறது, அதன் அதிர்ச்சியில் பக்கத்தில் இருந்த நான்கும். கூரைத் தகரம் வரை தெறித்திருக்கிறது. கலா அப்போதுதான் முன் அறைக்கு வந்திருந்ததால் கண்ணாடி அவள் மேல் படவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் புஸ் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது.

இது எதுவும் தெரியாமல் நான் வீட்டுக்கு வந்தேன். தரை ஈரமாக இருந்தது. வாசனை மருந்து போட்டுக் கழுவியிருக்கிறாள் போல என்று நினைத்தேன். வந்ததும் எதையாவது புகழ்வது கல்யாணமான நாளிலிருந்து என் வழக்கம். மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் சுலபமான வழி. சோறு வைத்தால் நல்ல வாசம் என்பேன், அவள் முகம் மலர்ந்து பக்கத்திலேயே தன் தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். அன்றும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, இன்றைக்கு வீடு நல்ல வாசமாக இருக்கிறதே என்றேன்.

குசினி வாசலில் கலா நின்றிருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். அழுகிய நாற்றம் தாங்க முடியாமல் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஜன்னல்களை அடைத்துவிட்டார்களாம், அது எனக்குப் பிறகுதான் தெரியும். அவள் முந்தானையை மெதுவாக இறக்கினாள்.

"உங்களுக்கு மூக்குல ஒண்ணுமே தெரியலையா?"

நான் கழற்றிய சப்பாத்தைத் திரும்பவும் மாட்டத் தொடங்கினேன்.

"எப்ப இருந்து?"

"காய்ச்சல் வந்ததுல இருந்து."

விரல் விட்டு எண்ணினாள். அது கல்யாணத்துக்கு முந்தி. அவள் அழுவாள், இல்லை கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப நான் வச்ச கொழம்பெல்லாம்?"

"சூடா இருந்துச்சு கலா."

வேறு என்ன சொல்ல, அது ஒன்றுதான் எனக்கு உண்மையாகத் தெரிந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், வாளிக்குள் கை விட்டதையும் சேர்த்து. அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் சிவந்த விரல்களைப் பார்த்தாள். காலையில் முதல் வேலையாக டீமேக்கர் ஐயாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள். சொன்னால் வேலை போய்விடும், இந்த வீடும் போய்விடும் என்றேன். பாலைச் சோதிக்காமல் நல்லது என்று எழுதி அனுப்ப என்னால் முடியாது, உங்களால் எப்படி முடிந்தது என்று கேட்டாள். 

காலையில் போனேன். டீமேக்கர் ஐயா குளிர் அறையில் ஒரு கைப்பிடிக் கொழுந்தோடு நின்றிருந்தார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.  அவர் கொழுந்தும் கையுமாகக் காரியாலயத்துக்குப் போய், கொழும்பில் தேயிலையைச் சுவைத்துப் பார்க்கிறவர்கள் அனுப்பிய கடிதங்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அஞ்சு மாசமா நீ எறக்குன டீயப் பத்தி ஒரு கொறையும் எழுதலப்பா. என் டீயப் பத்தித்தான் ரெண்டு தரம் எழுதிருக்கான்."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த கொழுந்தை மறுபடியும் மோந்து பார்த்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. போய் வேலையைப் பார் என்றார், அவ்வளவுதான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ரோலர் பக்கம் போய் நின்றபோது அழுகைதான் வந்தது. இல்லாமல் போனதற்காக ஐந்து மாதம் செத்துப் பிழைத்தேனே, அந்த மூக்கை யாருமே தேடவில்லை. அப்படியென்றால் அதற்கு முந்தின வருஷங்களில் நான் மோந்ததெல்லாம் என்ன? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான்காவது வாளிப் பக்கமே கலா என்னை விடவில்லை. அது அருமையாக வந்தது என்று விருந்தில் எல்லாரும் சொன்னார்கள். டீமேக்கர் ஐயா மூன்று கிளாஸ் குடித்தார். எனக்கு மூக்கில் சுரீர் மட்டும்.

அடுத்த வருஷம் மூக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் எல்லாம் தாறுமாறாக வந்தது, இஞ்சி மண்ணெண்ணெயாக, ரோஜா எரிந்த ரப்பராக. சரியாகி வந்த நேரத்தில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கொழுந்து இப்போது லொறியில் வேறு ஒரு தொழிற்சாலைக்குப் போகிறது, அங்கே அடுப்புக்கு எப்போது அனுப்புவது என்று மணியடித்துச் சொல்ல மெஷின் இருக்கிறது. ஐயா மகனோடு கண்டிக்குப் போய்விட்டார். நாங்கள் ஹட்டனுக்கு வந்துவிட்டோம், நான் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறேன். ஆணிக்கும் பெயின்டுக்கும் மூக்குத் தேவையில்லை. தோட்டத்துப் பாதையில் போனால் முன்பு மலை வளைவிலேயே அடிக்கும் தேயிலை வாசம் இப்போது இல்லை. அது என் மூக்கின் குற்றம் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. இப்போது கலா குசினியில் தாளிக்கும்போதே முன் அறையில் எனக்குத் தெரிகிறது, இது வெந்தயம், இது பெருங்காயம், இது கறிவேப்பிலை என்று. தட்டு வந்ததும், நல்ல வாசம் கலா என்கிறேன். மனசாரச் சொல்கிறேன். அவள் கோபப்படுவதில்லை, குத்திக்காட்டுவதும் இல்லை. கரண்டியோடு நின்றபடியே, பக்கத்தில் இருக்கும் எங்கள் நாலு வயசு மகளைப் பார்த்து, "நீ சொல்லும்மா, நல்லாருக்கா?" என்று கேட்கிறாள். பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டும் வரைக்கும் நானும் காத்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் கலா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறாள்.