பாலத்தடியில் கை உயர்த்தியவர்

எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் பெண்மணியோடு எனக்கு ஆறு வருடப் பழக்கம். ஆனால் அது காலை வணக்கத்தைத் தாண்டியதில்லை. ஐம்பது வயதைக் கடந்த வெள்ளைக்காரப் பெண்மணி. மழையிலும் அரைக்கால்சட்டைதான் போடுவார். கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வரிசை வீடுகளை ஓட்டமும் நடையுமாகக் கடந்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை அவர் நின்றார். யாரோ ஒரு பிள்ளை தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் கொண்டாட்டத்துக்காக நான் வேனில் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். வார நாட்களில் எனக்கு ஒரு கல்லூரியில் மின்சார வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, கோயில் பெருநாள் என்று ஒலியும் விளக்கும் போடப் போவேன்.

"இந்தப் பெரிய பெட்டி எவ்வளவு ஆழமான சத்தம் போடும்?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும்" என்றேன்.

"பீரங்கிச் சத்தம் போடுமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையில் கடிதக் கட்டோடு மதிலில் சாய்ந்துகொண்டு விளக்கமாகச் சொன்னார். அவரும் வேறு நாற்பது ஐம்பது பேரும் சேர்ந்து இரண்டாம் உலகப் போரின் சண்டைகளைக் காட்டுக்குள் நடத்திப் பார்க்கிறார்களாம். சீருடை, தொப்பி, சப்பாத்து எல்லாம் அந்தக் காலத்து மாதிரி. துப்பாக்கி மட்டும் ஏர்சாஃப்ட். பார்வைக்கு அசல் போலிருக்கும், ஆனால் கடுகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் உருண்டையைத்தான் சுடும். பட்டால் நறுக்கென்று கிள்ளினாற்போல இருக்கும். கண்ணுக்கு மட்டும் கட்டாயம் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். அந்த வருட இலையுதிர் கால ஆட்டத்துக்கு, பிரான்சில் ஒரு பாலத்துக்காக நடந்த சண்டையை எடுத்திருந்தார்கள். எல்லாம் இருந்தது, சத்தம்தான் பொம்மைச் சத்தமாக இருந்தது என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கோபம். நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஒன்றை இவர்கள் வார இறுதியில் ஆசைக்குச் செய்கிறார்கள். சரி, அப்படிப்பட்ட ஆட்கள் எப்படித்தான் இருப்பார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றும் இருந்தது. உண்மையைச் சொன்னால், இகழ்ந்துவிட்டு வருவதற்காகவே நான் ஒப்புக்கொண்டேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் சமையலறையில் ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"உங்களுக்கென்ன விசரோ? அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்ச வந்தனாங்கள்? இப்ப அதை ஸ்பீக்கரில போடப் போறியளோ?"

அவள் மன்னார், நான் யாழ்ப்பாணம். வேறு வேறு ஊர்களில் வளர்ந்தாலும், பதின்ம வயதில் இருவரும் பதுங்குகுழிக்குள் இருந்து கேட்டது ஒரே சத்தம்.

தபால்கார அம்மா சில ஒலிப்பதிவுகளை அனுப்பியிருந்தார். பின் அறையில் ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். எல்லாம் சினிமாச் சத்தம். தொடக்கத்திலேயே வெடிக்கிறது, வெடித்துக்கொண்டே இருக்கிறது. ஷெல் அப்படி வருவதில்லை. முதலில் தூரத்தில், ராணுவ முகாம் பக்கம், கதவை யாரோ சாத்தியது போல ஒரு 'டும்'. பிறகு ஒன்றுமே இராது. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணும். அதற்குப் பிறகே கூவல், அதற்குப் பிறகே வெடி. நான் வெடிகளில் பாதியை வெட்டி எறிந்தேன். 'டும்' சத்தத்தைக் காட்டின் தொலைவில் வைக்கப்போகும் ஸ்பீக்கருக்குத் தனியாகப் பிரித்தேன். நடுவில் வெறுமையை விட்டேன்.

இரண்டு மூன்று நாள் இதே வேலையாக இருந்தேன். மூன்றாம் நாள் ஹெட்போனைக் கழற்றி, சின்ன ஸ்பீக்கரில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். முடிந்ததும் திரும்பினால் அவள் வாசற்படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. நான் அவசரமாக நிறுத்தப் போனேன்.

"அந்த இடைவெளி காணாது" என்றாள். "இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

நான் இன்னும் இரண்டு நொடி கூட்டினேன். திரும்பவும் போட்டேன். அவள் கண்ணை மூடி, உதட்டை அசைத்து எண்ணினாள்.

"ஓம். இப்ப சரி." பிறகு, போகிற போக்கில், "நானும் வாறன். பிழையாப் போட்டா ஆர் சொல்லுறது?" என்றாள்.

அந்தக் காடு ரொம்ஃபோர்டைத் தாண்டி, லண்டனின் விளிம்பில் இருந்தது. மரங்களுக்கு அப்பால் நெடுஞ்சாலையின் இரைச்சல் விடாமல் கேட்டது. விடிந்து சற்று நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஈர இலைகள் கணுக்கால் வரை புதைந்தன. கம்பளிச் சீருடைகளில் ஆணும் பெண்ணுமாக ஆட்கள் நின்று பிளாஸ்டிக் குவளைகளில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் எனக்குப் பிறகும் பழக்கமானார்கள். பஸ் ஓட்டுபவர், பல் வைத்தியர், கவுன்சிலில் குப்பைப் பிரிவில் இருப்பவர். கொலைவெறி பிடித்தவர்களைப் பார்க்கப் போன நான், சட்டைப் பொத்தான் அந்தக் காலத்து எலும்புப் பொத்தானா இல்லையா என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு கருவிக்கு முன் சுட்டுப் பார்த்து, வேகம் கூடியவற்றை ஒதுக்கி வைத்தார்கள்.

பிறகு விதிகளைச் சொல்லும் நேரம். தபால்கார அம்மா அன்று செம்மஞ்சள் மேலங்கி போட்டு ஆட்டத்தைக் கண்காணிக்கும் தலைமை மார்ஷல். ஒரு மரக்குற்றி மேல் ஏறி நின்றார்.

"சண்டை தொடங்குவது வரலாற்றில் உள்ளபடி. முடிவது உங்கள் கையில். விசில் ஊதும்போது பாலத்தருகே ஜெர்மன் ஆட்களில் ஒருவராவது மிஞ்சியிருந்தால் பாலம் அவர்களுக்கு. உருண்டை பட்டால் கையை உயர்த்தி 'ஹிட்' என்று கத்துங்கள், விழுந்து படுத்துவிடுங்கள். விசில் வரை எழும்பக்கூடாது."

உருண்டை பட்டால் சாயம் ஒட்டாது, அடையாளம் இருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மனைவி அவர் இறங்கி வந்ததும் கேட்டுவிட்டாள்.

"பட்டதை ஒருவர் மறைத்தால்?"

"மறைக்கலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது."

"பிறகு?"

"பிறகு என்ன, நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் விசிலைத் தேடிப் போனார்.

நாங்கள் சரிவின் மேல், வலைக்குப் பின்னால், ஒலி மிக்ஸரோடு நின்றோம். கீழே ஒரு வறண்ட ஓடை. அதன் மேல் மரத்துண்டுகளால் கட்டிய பாலம். பாலத்தைச் சுற்றி மண்மூட்டைகளுக்குள் ஜெர்மன் சீருடைக்காரர்கள். எதிர்ச் சரிவில் ஆங்கிலேயப் படை பரவியிருந்தது. மார்ஷல் கையைக் காட்ட, நான் விசையைத் தள்ளினேன்.

தூரத்தில், காட்டின் மறுகோடியில், 'டும்'.

நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வெறுமைக்குள் யாரும் அசையவில்லை. மிகச் சின்னதாக ஒரு குருவி எங்கோ கத்தியது. மனைவியின் விரல்கள் என் கையை இறுக்கின. கூவல் வந்தது. அத்தனை பேரும் முகத்தை இலைகளுக்குள் புதைத்தார்கள். வெடி நிலத்தில் அதிர்ந்து என் காலணிக்குள் ஏறியது. ஷெல் விழுந்ததையே கண்டிராத இந்த மனிதர்களின் உடம்புக்கு இது எப்படித் தெரியும் என்று நான் மலைத்து நின்றேன். அடுத்ததைப் போட மறந்து போனேன். அவள்தான் முழங்கையால் இடித்தாள்.

சண்டை தொடங்கிப் பத்து நிமிடத்தில் இடப்பக்க ஸ்பீக்கர் செத்துவிட்டது. வயர் எங்கோ கழன்றிருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் செம்மஞ்சள் மேலங்கியும் போட்டுக்கொண்டு, மனைவியை மிக்ஸரில் விட்டுவிட்டு, ஓடைக்குள் பின்பக்கமாகக் குனிந்து இறங்கினேன். ஸ்பீக்கரைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்புதருக்குள் ஒளித்து வைத்திருந்தேன். புதருக்குள் தவழ்ந்து வயரைச் செருகிவிட்டுத் திரும்பும்போதுதான் அந்த மனிதரைக் கண்டேன்.

பெரிய உருவம். நாற்பது வயதிருக்கும். ஜெர்மன் சீருடை. பாலத்தடியில் மண்மூட்டைக்குப் பின்னால் முழங்காலிட்டிருந்தார். அவருடைய ஆட்கள் எல்லோரும் சுற்றிலும் விழுந்து கிடந்தார்கள், முகம் வேறு பக்கமாக. நான் அவருக்குப் பின்னால் இருந்ததால் அவர் என்னைக் காணவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலேயப் படை போட்ட புகைக்குண்டின் புகை மூடியிருந்தது. தூரத்தில் மார்ஷல் குரல், "இரண்டு நிமிடம்!" என்றது. இரண்டு நிமிடம் அவர் அங்கே இருந்தால் அவர் பக்கம் வென்றுவிடும்.

'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவருடைய இடுப்பில் தொங்கிய தோல்பையில் உருண்டை பட்டுத் தெறித்தது. மழைத்துளி விழுந்தாற்போல அவ்வளவுதான். புகைக்குள்ளிருந்து சுட்டவருக்கே பட்டதா இல்லையா என்று தெரிந்திருக்காது.

அவர் குனிந்து பையைப் பார்த்தார். நிமிர்ந்து புகையைப் பார்த்தார். நான் புதருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். பேசாமல் இரு, யாரும் பார்க்கவில்லை என்று என் மனம் சொல்லியது. ஒளித்துவைத்தும் பொய் சொல்லியும் சோதனைச் சாவடிகளைக் கடந்து உயிர் தப்பியவன் நான். அதில் எனக்கு வெட்கமில்லை.

அவர் எழுந்து நின்றார். முழு உயரத்துக்கும் நின்று, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, காடு முழுவதும் கேட்கும்படி "ஹிட்!" என்றார். துப்பாக்கியைப் பக்கத்தில் பதமாக வைத்தார். சேறும் இலையுமாகக் கிடந்த இடத்தில் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். புகைக்குள்ளிருந்து ஆங்கிலேயச் சீருடைகள் கூச்சலிட்டபடி பாலத்தில் ஏறின.

என் கைமயிர் சிலிர்த்திருந்தது. பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் நற்கருணை எழுந்தேற்றத்தின்போது சின்ன வயதில் எனக்கு அப்படி வந்திருக்கிறது. பிறகு வரவேயில்லை.

நான் மேலே ஏறி வந்து சேரவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது. மனைவியிடம் கண்டதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவிலும் ஓடையிலும் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக அசைந்தார்கள். முழங்கையை ஊன்றினார்கள். தொப்பியைத் தேடினார்கள். ஆங்கிலேயச் சீருடை ஒன்று ஜெர்மன் சீருடை ஒன்றுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டது.

"பாருங்கோ" என்றாள். "எல்லாரும் எழும்பினம்."

அவளுடைய தமையன் பத்தொன்பது வயதில் ஷெல் பட்டு இறந்தவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு அதை ஒரு வரியில் எனக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். கடைசி ஆள் எழும்பி இலைகளைத் தட்டும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

தேநீர் வேளையில் அவள் கொண்டுவந்த ரோல்ஸ் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. அந்தப் பெரிய மனிதரும் கையில் ஒன்றோடு நின்றார். மனைவிக்குக் கண்டதைச் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன்.

"நான் புதருக்குள் இருந்தேன். உங்களுக்குப் பட்டதை வேறு யாரும் காணவில்லை. ஏன் எழும்பினீர்கள்?"

அவர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, கேள்வி புரியாதவர் போலப் பார்த்தார். "அது அருமையான குறி. அவ்வளவு தூரத்திலிருந்து, புகைக்குள்ளால். நான் சொல்லாவிட்டால் சுட்டவருக்கு எப்படித் தெரியும்?"

சுட்டது யார் என்று விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். முதல்முறையாக வந்த ஒரு தாதிப் பெண்ணாம். அந்தப் பெண்ணைக் கண்டதும் ரோல்ஸைக் கையில் பிடித்தபடியே போய்க் கை குலுக்கினார். கையை விட்டதும் அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னல் ஒன்றில் நிற்கும்போது மனைவி தானாகவே தொடங்கினாள்.

"எங்கட அண்ணையெண்டா அந்த மனிசன் மாதிரி எழும்பியிருக்க மாட்டார். கிரிக்கெட்டில ஸ்டம்ப் மூண்டும் பறந்தாலும், காத்தடிச்சது எண்டுதான் சொல்லுவார்."

"பிறகு?"

"பிறகென்ன, மட்டையைத் தரமாட்டார். அம்மா வந்து காதைப் பிடிக்கவேணும்."

அவள் சிரித்தாள். வீடு வரும்வரை தமையனைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் சைக்கிளை எப்படி ஓட்டுவார், எந்தப் பாட்டைப் பிழையாகப் பாடுவார், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாமல் ஒளிந்துகொள்ள என்னென்ன நோய்களைச் சொல்லுவார். இருபத்தைந்து வருடம் அவளோடு வாழ்ந்த எனக்கு அந்த மனிதர் அன்றுதான் அறிமுகமானார்.

அடுத்த இளவேனிலில் அவர்கள் இன்னொரு சண்டைக்கு என்னைக் கூப்பிட்டபோது, மார்ஷல்களுக்கு ஆள் போதாது என்று தபால்கார அம்மா வாசலில் நின்று சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி தனக்கு வேண்டிய செம்மஞ்சள் மேலங்கியின் அளவைச் சொல்லிவிட்டாள்.