கணவாய் கொண்டு வந்த பாடு

பதுளைக் கடையொன்றுக்கு மாட்டுவண்டி ஓட்டிய காலத்தில், மட்டக்களப்புக்குப் போய் உப்பும் கருவாடும் ஏற்றி வருவது என் வேலை. ஒருமுறை சரக்கு வந்துசேரத் தாமதமானதால் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. சும்மா கிடப்பானேன் என்று ஒரு மீனவரோடு தோணியில் போய், என் கையாலேயே தூண்டில் போட்டுக் கணவாய் மீன் பிடித்தேன். முதலாவது மேலே வந்ததுமே என்மேல் மையைப் பீய்ச்சியது. இருந்த நல்ல வேட்டி பாழ். ஆனாலும் விடவில்லை. எல்லாவற்றையும் கீறிக் கழுவி, உப்புத் தடவி, பாய் விரித்துக் காய வைத்து, காக்கைக்குக் காவல் இருந்தேன். மலையேறும் வழியெல்லாம் மழை. சாக்கால் மூடி மூடித்தான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மனைவியின் அண்ணனும் எங்களோடுதான் இருந்தார். தோட்டத்திலேயே பிறந்தவர், கடலைப் பார்த்ததில்லை. ஆனால் எதற்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்.

“முள்ளும் இல்ல, செதிலும் இல்ல. இதைப் போயி மீனுங்கிறீங்களே மச்சான்?”

மனைவியிடம், “நல்லா ஊறவச்சு, கொழம்பு கொதிச்சதும் போட்டு ஒடனே எறக்கிரு. கூட வெந்தா தோலாயிரும்” என்று சொல்லிவிட்டு மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிப் போனேன். திரும்பி வந்தால் சட்டி அடுப்பிலேயே தளதளக்கிறது. மச்சான் விறகைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னுமா எறக்கல?”

“அண்ணன் விடமாட்டேங்குது” என்றாள் மனைவி.

“கருவாடுன்னா நல்லா வேகணும் மச்சான். இல்லாட்டி வயித்தைக் கலக்கும்.”

சாப்பிட உட்கார்ந்தோம். பல் இறங்கவில்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றை மெல்வது போலிருந்தது. மச்சான் துண்டைத் துப்பிவிட்டு, “நாந்தான் அப்பவே சொன்னேனே, இது திங்கிற சாமானே இல்ல” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போய், தேவையே இல்லாமல் வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. மச்சான் ஆற்றுக்குக் குளிக்கப் போனதும், மனைவி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு கணவாயை எடுத்தாள்.

“அண்ணன் கண்ணுல படாம எடுத்து வச்சேங்க.”

தணலில் வாட்டி, காய்ந்த மிளகாயும் தேங்காயும் சேர்த்து இடித்தாள். சூடான ரொட்டியோடு வாயில் வைத்ததும், பட்ட பாடெல்லாம் போதும் என்றிருந்தது. அதற்குள் ஈரத்தலையோடு மச்சான் வந்து நின்றார். மோப்பம் பிடித்தபடியே உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, மீதியை வழித்து வாயில் போட்டார்.

“இப்படி மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல மச்சான்?”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பே வரவில்லை.