கண்ணுக்கு விட்ட சொட்டு

மருந்துக்கடைக்காரர் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் புட்டியை மேசைமேல் வைத்ததும் என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. இந்த வாரம் காரைக்காலில் வீட்டுக்கு ஒருவருக்காவது மெட்ராஸ் ஐ. எனக்குக் காலையில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. "எல்லாரும் இதத்தாங்க்கா வாங்கிட்டுப் போறாங்க" என்றார் அவர். புட்டியைத் தொடாமல் குனிந்து, அதில் பொடி எழுத்தில் இருந்த பெயரைப் படித்தேன். அதேதான். வேறு ஏதாவது கொடுங்கள் என்றதற்கு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். அந்தப் பெயரை ஒருமுறை படிக்காமல் விட்டு நான் பட்ட வெட்கத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

நான் வேலை பார்ப்பது ஏற்றுமதி இறாலைச் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில். குளத்தில் நோய் வந்தால் தடை செய்த மருந்தைக் கலந்துவிடுகிறவர்கள் உண்டு. அதன் சுவடு தெரிந்தால் போதும், வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான். சுவட்டைக் கண்டுபிடிக்கும் கருவி பொல்லாதது. ஏரியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாலும் சொல்லிவிடும் ரகம். ஆனால் இறாலை அப்படியே அதற்குக் கொடுக்க முடியாது. தோலுரித்து அரைத்து, எடைபோட்டு, கரைப்பான் ஊற்றிக் குலுக்கி, சுழலவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, நைட்ரஜன் வாயுவில் உலர்த்தி, மறுபடி கரைத்துக் குப்பியில் அடைக்க வேண்டும். அப்போது அத்தனையும் கையால்தான். அதைச் செய்தவர் எங்கள் தலைமை வேதியியலாளர். எங்களுக்கெல்லாம் சார். அண்ணன் தம்பிகள் வளைகுடாவில் கடை வைத்துச் செழித்தபோது இவர் மட்டும் ஊரில் சோதனைக்குழாயோடு நின்றுவிட்டார். வேறு யாரையும் மாதிரி தயாரிக்க விடமாட்டார். "என் கை சுத்தம்மா" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எங்களுக்கு அது பிடித்தும் இருந்தது.

அந்த வெட்கம் நேர்ந்த வருஷமும் ஊரில் மெட்ராஸ் ஐதான். என் மகளுக்கு வந்து சரியாகியிருந்தது. மீந்த சொட்டுமருந்து என் கைப்பையில் கிடந்தது. சார் கண் சிவந்து, நீர் வழிய வந்து நின்றார். லீவு போடுங்கள் என்றால் கேட்கிற ஆளா? தேநீர் நேரத்தில் அவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து நான்தான் சொட்டு விட்டேன். ஏதோ பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கையுறை போட்ட பிறகும் கண்ணாடியைத் தள்ளிவிட்டிருப்பார், வழிந்ததைத் துடைத்திருப்பார். அரிக்கிற கண்ணுக்குக் கை போவதை யார் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்?

அன்றைய மாதிரிகளில் ஒன்று போலகம் தாண்டி ஆற்றோரம் குளம் வைத்திருந்த பண்ணைக்காரருடையது. அதில் தடை செய்த மருந்து இருப்பதாகக் கருவி சொன்னது. சாருக்கே நம்பிக்கையில்லை. அந்த மனிதர் மருந்து கலக்கிறவர் இல்லை என்று ஊருக்கே தெரியும். அரைத்து வைத்திருந்த டப்பாவைத் திறந்து இன்னொரு முறை செய்தார். அதே கை, அதே டப்பா, அதே பதில். எங்கள் பக்கத்திலிருந்து எதுவும் ஒட்டவில்லை என்று பார்க்க, மாதிரிகளோடு சேர்த்து வெறும் தண்ணீரையும் ஒரு குழாயில் வைத்துச் செய்வது வழக்கம்; அதற்கு அரைக்கும் வேலை மட்டும் இல்லை. அது சுத்தமாக வந்திருந்ததால் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். ஏற்றுமதிக் கம்பெனி அந்தக் குளத்து இறாலை வேண்டாம் என்றுவிட்டது. கிடைத்த ஆளுக்குத் தள்ளிவிட்டுக் குளத்தைக் காலி செய்தார் பண்ணைக்காரர். மருந்து எறாக்காரர் என்று அவருக்கு ஒரு பேரும் ஒட்டிக்கொண்டது.

சாருக்கு நான் சொட்டு விடுவது தினமும் தொடர்ந்தது. சில நாள் கழித்து அந்த வெறும் தண்ணீரிலேயே மருந்து வந்தது. தண்ணீருக்கு யார் மருந்து கலந்தார்கள்? சார் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, எனக்கு நீ விட்ட சொட்டுமருந்தை எடும்மா என்றார். கைப்பையில் துழாவி எடுத்துக் கொடுத்தேன். புட்டியில் அச்சடித்திருந்தது நாங்கள் காலையிலிருந்து மாலைவரை தேடுகிற, ஒவ்வொரு அறிக்கையிலும் முதல் வரியில் எழுதுகிற அதே மருந்தின் பெயர். அதற்குத் தடை இறாலில்தான், கண்ணுக்கு இல்லை. படிப்பறிவில்லாதவர் செய்திருந்தால் தெரியாமல் நடந்தது என்று விட்டுவிடலாம். எங்களுக்கு எந்தச் சாக்கும் இல்லை. உறைபெட்டியில் இருந்த அந்தப் பண்ணையின் முழு இறாலை எடுத்து, கண் நோகாத வேறொருவரை விட்டுச் செய்யச் சொன்னார். சுத்தமாக இருந்தது.

திருத்திய அறிக்கையோடு என்னையும் கூட்டிக்கொண்டு பண்ணைக்காரர் வீட்டுக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மருந்து உங்க கொளத்துல இல்லைங்க. என் கண்ணுல இருந்துச்சு" என்றார். சொட்டு விட்டது நான் என்று நானும் சொன்னேன். பண்ணைக்காரர் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்தார். கத்துவார், நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தோம். கேட்டிருந்தால் தேவலை. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். பண்ணைக்காரர் சாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "இப்ப கண்ணு தேவலையா சார்?" என்றார்.

அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது. சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதற்கு மேல்தான் உண்மையான கேவலம். இறால் வாங்கும் கம்பெனிகளின் ஏஜென்ட்டுகள் ஒவ்வொருவரையும் சார் தேடிப் போய், தப்பு எங்களுடையது என்று சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். முதலில் இருக்கிறது என்றார்கள், இப்போது இல்லை என்கிறார்கள், எறாக்காரர் ஆய்வுக்கூடத்தையே கவனித்துவிட்டார் போல என்று பேசிக்கொண்டார்கள். நாங்கள் தப்பாகச் சொன்னதை ஒரே நாளில் நம்பிய ஊர், திருத்திச் சொன்னதை நம்பவே இல்லை. மருந்து போட்டவர் என்ற பேரோடு கைக்கூலி கொடுத்தவர் என்ற பேரும் சேர்ந்துகொண்டது. மன்னிப்புக் கேட்கப் போய் அந்த மனிதரை இன்னும் ஒரு படி கீழே தள்ளிவிட்டு வந்தோம்.

அதன் பிறகுதான் முதலாளியோடு மல்லுக்கட்டித் தானியங்கி இயந்திரத்தை வாங்க வைத்தார். எடைபோட்ட குழாயை வைத்து மூடிவிட்டால் கரைப்பான் ஊற்றுவது, குலுக்குவது, சுழற்றுவது, உலர்த்துவது, குப்பியில் அடைப்பது எல்லாவற்றையும் இயந்திரக் கையே செய்துவிடும். தன் கையை நம்பியிருந்த மனிதர், அந்தக் கைக்கு வேலை இல்லாமல் செய்வதற்காக ராப்பகலாக உழைத்தார். இயந்திரம் ஓடத் தொடங்கிய பின் அந்த அறைக்குள் அவர் காலடி வைக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "அவரு மறுபடி சாம்பிள் அனுப்பட்டும்மா. கை படாம செஞ்சு, ஊருக்கே காட்டுவோம்" என்பார். ஓய்வு பெற்றுத் துபாயில் மகனோடு இருக்கப் போகும் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

இன்று மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து வீடியோ அழைப்பு. பேரன்தான் போனைப் பிடித்திருந்தான். என் கண்ணைப் பார்த்ததும் சாரின் முகம் மாறிவிட்டது.

"லேபுக்குப் போயிடாதம்மா. அரைக்கிறது இன்னும் கையாலதானே?"

லீவு சொல்லிவிட்டேன், மருந்தின் பேரையும் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றேன். தலையை ஆட்டினார். அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். பெருநாளுக்குக் கூப்பிட்டாலும் பொங்கலுக்குக் கூப்பிட்டாலும் கேட்பதுதான்.

"அவரு சாம்பிள் வந்துச்சா?"

பண்ணைக்காரர் குளத்தை எப்போதோ தூர்த்துவிட்டார். கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்குள் போகிற நிலக்கரி லாரிகளுக்குச் சீட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட இறங்கிப் பேசியதில்லை. பேசினால் அவர் முதலில் எதை விசாரிப்பார் என்று எனக்குத் தெரியும்.

"இன்னும் வரல சார்" என்றேன்.

"வரும்மா" என்றார் சார். திரையில் அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. கைகள் எங்கே இருக்கும் என்று நான் பார்க்கத் தேவையில்லை.