அக்கா தட்டிய வரிகள்

அக்காவுக்குத் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்த பிறகு பேச்சு போய்விட்டது. நோட்டும் பேனாவும் கொடுத்துப் பார்த்தோம். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் எழுத முடியவில்லை. என் கம்ப்யூட்டரை அவள் கட்டிலருகே நகர்த்தி, தமிழில் தட்டும் மென்பொருளைத் திறந்து வைத்தேன். கார்மென்ட்ஸில் பல வருடம் தையல் மெஷின் மிதித்தவள். ஒரே வாரத்தில் ஒற்றை விரலால் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டாள். தட்டுவாள், மேஜையில் விரலால் சத்தம் செய்து என்னைக் கூப்பிடுவாள், நான் வந்து படிப்பேன். சேமித்து வைக்க நான் சொல்லித் தரவே இல்லை. பேச்சைப் போய் யாராவது சேமிப்பார்களா என்ற மெத்தனம். இதில் நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர் வேறு. வெட்கக்கேடு.

நீலசந்திராவில் எங்கள் வாடகை வீடு இரண்டே அறை. அக்காவின் மகள் காலேஜில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அவள் பாப்பாதான். குழாயைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குப் பயம். அறைக்குள் வருவதையே நிறுத்திவிட்டாள். வாசலில் நின்று "அம்மா" என்று ஒரு குரல் கொடுப்பாள், அடுத்த நொடி சமையலறைக்குப் போய்விடுவாள். நான் அவளைக் கண்டிக்கவில்லை. அக்கா கேட்டால் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சமாளித்தேன்.

ஒரு சாயங்காலம் மூச்சு திணறி, அக்காவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மூன்றாம் நாள் போய்விட்டாள். போவதற்கு முன் பாப்பாவைக் காட்டினாள், போர்வையின் மேல் விரலால் தட்டிக் காட்டினாள், மறுபடி பாப்பாவைக் காட்டினாள். எங்கள் இருவருக்கும் ஒன்றுதான் தோன்றியது. மகளுக்கு ஏதோ எழுதி வைத்திருக்கிறாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பினால், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் திரையில் அக்கா தட்டிய மென்பொருளின் ஜன்னல் உறைந்து வெள்ளையாக நின்றது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. மூடினால் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும்.

"எனக்கு எழுதினது போயிடுச்சா மாமா?" என்றாள் பாப்பா. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மெமரில இருக்கும். எடுத்துடலாம்" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

ஆபீஸில் மதிய வேளையில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஏமாற்றுவதற்கென்று ஒரு கருவி வைத்திருந்தோம். ஓடுகிற புரோகிராமின் நினைவகம் முழுவதையும் துழாவி, உயிர் எத்தனை மிச்சம் என்ற எண் எந்த முகவரியில் இருக்கிறது என்று காட்டும். அதை மாற்றிவிட்டால் சாகவே மாட்டோம். அந்த விளையாட்டுச் சாமானைத்தான் அன்று கையில் எடுத்தேன்.

"ஏனப்பா, சாவு வீட்ல என்ன கம்ப்யூட்டரு?" என்று வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார். அவரிடம் என்னவென்று விளக்குவது?

அக்கா கடைசியாக என்னிடம் காட்டிய வரி நினைவிருந்தது: "ஜன்னல மூடு, கொசு." அதே மென்பொருளை இன்னொரு முறை திறந்து, அதே வரியைத் தட்டி, அது உள்ளே எந்த எண்களாக உட்காருகிறது என்று பார்த்து, அந்த எண்களைத் தேடினேன். ஒரே இடத்தில் கிடைத்தது. ஆனால் அக்கம்பக்கத்தில் வேறு வரி இல்லை. ஒவ்வொரு வரியையும் மென்பொருள் ஒவ்வொரு மூலையில் போட்டிருந்தது. எங்கள் தெருவில் வீடு கேட்பது மாதிரிதான். டீக்கடையில் கேட்டால் ரேஷன் கடையைக் கைகாட்டுவார்கள், ரேஷன் கடைக்காரர் இன்னொருவரைக் கைகாட்டுவார். இந்த வரியின் முகவரியை எழுதி வைத்திருக்கும் இடம் எது, அந்த இடத்தின் முகவரியை வைத்திருப்பது எது என்று படிப்படியாகப் பின்னால் போகவேண்டும்.

நான் எண்களைச் சொல்லச் சொல்ல, பாப்பா ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறையின் பின்புறம் எழுதிக்கொண்டாள். தப்பான இடங்களுக்குப் போய்ப் போய்த் திரும்பினோம். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மத்தியானம் மூன்றாவது படியில் ஒரு முகவரி பச்சை எழுத்தில் வந்தது. பச்சை என்றால் மாறாத இடம், எல்லா வரிகளுக்கும் தலை அதுதான். "கிடைச்சிடுச்சு!" என்று சாவு வீட்டில் கத்தினேன்.

அங்கிருந்து வரிசையாக இறங்கினோம். எண்களாகப் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியாது. ஒவ்வொரு வரியாக நகலெடுத்துப் பக்கத்து ஜன்னலில் ஒட்டினால் தமிழாகும். அதைப் பாப்பா வாசிப்பாள், நான் அதற்குள் அடுத்த முகவரியைப் பிடிப்பேன். வேலையை அப்படிப் பிரித்துக்கொண்டதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

"ரசத்துல உப்பே இல்ல" என்று வாசித்துச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அது ஒன்றுதான். "ஃபேன் போடு." "பாப்பா சாப்ட்டாளா." "பாப்பா வந்துட்டாளா காலேஜ்லேர்ந்து." கொசு வரியும் வந்து போனது. அதற்கப்புறம் வந்தவை நான் பார்க்காதவை. நான் இல்லாத நேரத்தில் தட்டியவை. எழுதி வைத்தது வந்துவிட்டது என்ற பரவசத்தில் எண்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வாசல்ல நிக்கிறியா பாப்பா?"

"உள்ள வா. துணி போட்டு மூடிக்கிறேன். பயமா இருக்காது."

"வந்தா பேசலாம்னு உக்காந்திருக்கேன்."

வாசிக்க வாசிக்கப் பாப்பாவின் குரல் சிறுத்துக்கொண்டே போனது. "அடுத்தது" என்றேன், கடனே என்று வேலை பார்க்கும் குமாஸ்தா மாதிரி. அடுத்ததை ஒட்டினேன். அதற்குக் கீழே முகவரி இல்லை, வெறும் பூஜ்யம். கடிதம் என்று எதுவும் இருக்கவில்லை. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுவதற்காக அக்கா காத்திருந்தாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். திரையில் கடைசி வரியின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"இது உங்களுக்கு எழுதினது மாமா" என்றாள்.

"நான் கூப்பிட்டேன்னு பாப்பாகிட்ட சொல்லிடாத. அவளுக்கு மனசு தாங்காது."